இன்சுலினும் இணங்காத உடலும்

தலைநகர் டில்லியில் தமிழர் கூடும் இடம் எதுவாயினும், கோயில் மண்டபமோ, சங்கீத சபையோ, காலையில் உலாவும் பூங்காவோ, ஊர்ச் செய்தியும் மழைச் செய்தியும் பேசி முடிந்தபின் பேச்சு ஓர் எண்ணில் வந்து நிற்பதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். "வெறும் வயிற்றில் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்பார். "110" என்று மற்றவர் விடையிறுப்பார். எண் குறைவாயிருப்பின் முகம் மலரும். மிகுதியாயிருப்பின், பரீட்சையில் தவறிய மாணவனைப் போல் தலை தாழும். நீரிழிவு நோய் நம்மவரிடையே அத்துணைப் பழகிய விருந்தாளியாகிவிட்டது.

அப்பூங்காவில் நமக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பழக்கமான பெரியவர் ஒருவர் உளர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் இங்கு வந்து, கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணக்கர் அல்லரா? தம் இரத்தச் சர்க்கரையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள் தவறாமல் எழுதி வைப்பார். எண்ணை மேலும் மேலும் குறைக்க வேண்டும் என்பது அவர்தம் வைராக்கியம். சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் அவர் மாடிப்படியில் வியர்த்து மயங்கி விழுந்தார். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தது. மருத்துவர் மருந்தைக் குறைத்து, எண் சற்று உயர்ந்திருப்பதே நலம் என்று கூறி அனுப்பினார். பெரியவருக்கு அஃது ஆறுதலாக இல்லை, தோல்வியாகவே தோன்றிற்று. "தம்பி, சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நோயின் வேரே தளர்ந்துவிடும் என்றல்லவா நம்பியிருந்தேன்? அது பொய்யா?" என்று நம்மை வினவினார்.

நாம் மருத்துவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்து வருபவர். எனினும் அவ்வினா நம்மை விட்டபாடில்லை. தேடிப் படித்ததில், இதே வினாவை உலகின் தலைசிறந்த மருத்துவர் பலரும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளனர் என்பதும், விடை ஒருமுறையன்றிப் பலமுறை மாறியுள்ளது என்பதும் விளங்கின. அவ்வரலாற்றையே இன்று சுருங்கக் கூற விழைகின்றோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கின்றது. அச்சர்க்கரை தசைகளினுட் புகுவதற்கும், கல்லீரல் மேன்மேலும் சர்க்கரையை உண்டாக்காமல் அடங்கியிருப்பதற்கும் கணையம் சுரக்கும் இன்சுலின் கட்டளையிடுகின்றது. இரண்டாம் வகை நீரிழிவில், கட்டளை பிறந்தும் தசையும் கல்லீரலும் முழுமையாகக் கீழ்ப்படிவதில்லை. இதனை இன்சுலின் எதிர்ப்பு என்று பலரும் மொழிபெயர்க்கின்றனர். அச்சொல்லில் நமக்கோர் இடர்ப்பாடு உண்டு. நோய் எதிர்ப்பு என்றால் அது நன்மை. இன்சுலின் எதிர்ப்பு என்றால் அது தீமை. ஒரே சொல் இரு வேடம் பூணுதலால், இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருப்பதைப் பெருமையாக எண்ணிய ஒருவரையும் நாம் கண்டதுண்டு. ஆதலின் இப்பேச்சில் அதனை இணங்காமை என்றே குறிப்போம்.

நீரிழிவு ஒன்றன்று, இரண்டு என்னும் எண்ணம் பாரத நாட்டிற்குப் புதிதன்று. சுசுருதரின் மருத்துவ நூல், பிறவியிலேயே தோன்றி உடலை மெலியச் செய்யும் நோயையும், உணவு முறை பிறழ்தலால் தோன்றி உடல் பருத்தோரைப் பற்றும் நோயையும் வேறுபடுத்திக் கூறுகின்றது. சிறுநீரின் இனிப்பையும் பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர். மதுமேகம் என்னும் பெயரே அதற்குச் சான்று. மேனாட்டில் 1776-ஆம் ஆண்டில் மாத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர், சிறுநீரில் மட்டுமன்றி இரத்த நீரிலும் இனிப்பு உண்டெனக் காட்டினார். அதனால், நோய் சிறுநீரகத்தோடு நின்றுவிடுவதன்று. உடல் முழுவதையும் பற்றியது என்பது தெளியலாயிற்று.

பின்னர் ஒரு போர் மருத்துவருக்குப் பாடம் புகட்டிற்று. 1870-ஆம் ஆண்டில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கம் வரையில் நகர மக்கள் ரொட்டிக்கும் இறைச்சிக்கும் தவித்தனர். அந்நகரில் மருத்துவம் புரிந்த பூஷார்தா என்பார் ஒரு வியப்பைக் கண்டார். உணவு குறைந்த அந்நாட்களில், அவரிடம் வந்த நீரிழிவு நோயாளர் சிலருடைய சிறுநீரில் சர்க்கரை மறைந்தே போயிற்று. இயன்றவரை குறைவாக உண்க என்பது அதன்பின் அவருடைய அறிவுரையாயிற்று. இந்நிகழ்ச்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து இது மீண்டும் நம் கதையில் தலைகாட்டும்.

1889-ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்து நீக்க, அந்நாய் நீரிழிவுற்றது. நோயின் இருப்பிடம் கணையமே என்பது அதனால் உறுதியாயிற்று. 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் மக்ளியாட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்னும் வேதியியல் வல்லுநர் அதனைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரித் திங்களில், சாவின் விளிம்பில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அச்சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தான். அடுத்த ஆண்டே பான்டிங்கும் மக்ளியாடும் நோபல் பரிசு பெற்றனர். நீரிழிவு என்பது இன்சுலின் இல்லாமை. இன்சுலினைக் கொடுத்தால் நோய் தீரும். உலகம் அன்று இவ்வளவு எளிதாகவே எண்ணிற்று.

எளிதன்று என்பதை நிறுவியவர் லண்டன் மாநகரைச் சேர்ந்த ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த் என்னும் இளம் மருத்துவர். ஒரே அளவு இன்சுலினுக்குச் சிலரின் சர்க்கரை சரிந்து விழுவதையும், வேறு சிலரின் சர்க்கரை அசையாதிருப்பதையும் கண்ட அவர், எளியதொரு சோதனையை வகுத்தார். நோயாளர்க்குச் சர்க்கரை நீரைப் பருகக் கொடுத்து, அதே வேளையில் இன்சுலினையும் ஊசி மூலம் செலுத்தினார். ஒரு சாராரிடம் இன்சுலின் சர்க்கரையை ஏறவிடாமல் அடக்கிற்று; மற்றொரு சாராரிடம் இன்சுலின் இருந்தும் சர்க்கரை ஏறிற்று. முன்னவர் பெரும்பாலும் இளையோர், மெலிந்தோர். பின்னவர் பெரும்பாலும் நடுவயது கடந்தோர், உடல் பருத்தோர். 1936-ஆம் ஆண்டில் அவர் இம்முடிவை வெளியிட்டார். சுசுருதர் கண்ணால் கண்டு பிரித்ததை ஹிம்ஸ்வொர்த் சோதனையால் பிரித்தார் எனலாம்.

ஆயினும் இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்கும் வழி அன்று இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் வாதம் வளருமே அன்றி முடிவு பிறவாது. அவ்வளவுகோலை அளித்தவர் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஆராய்ந்த ரோசலின் யாலோ என்னும் பெளதிகப் பேராசிரியையும், சாலமன் பெர்சன் என்னும் மருத்துவரும் ஆவர். கதிரியக்கப் பொருளைத் துணையாகக் கொண்டு, மிக நுண்ணிய அளவு இன்சுலினையும் அளக்கும் முறையை அவர்கள் 1960-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டனர். நடுவயதில் நீரிழிவுற்றோர் பலருடைய இரத்தத்தில் இன்சுலின் குறைந்திருக்கவில்லை. சிலரிடம் மிகுந்தே இருந்தது. கட்டளை உரக்கவே ஒலித்தது. கேட்க வேண்டிய உறுப்புக்களே கேளாதிருந்தன. பெர்சன் 1972-ஆம் ஆண்டில் காலமானார். யாலோ 1977-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பெற்றார்.

இதுவரை கூறியவற்றால் ஒன்று விளங்கும். உடல் இணங்காமையால் சர்க்கரை ஏறுகின்றது. இணங்காமை காரணம், சர்க்கரை காரியம் என்றே அறிஞர் கொண்டிருந்தனர். இவ்வாறிருக்க, 1980-ஆம் ஆண்டுகளில் சிலர் அதனைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தனர். ஏறிய சர்க்கரையே இணங்காமையை மேலும் வளர்க்கின்றதோ? காரியம் திரும்பிவந்து காரணத்திற்கு உரமிடுகின்றதோ? அவ்வாறாயின், சர்க்கரையை எவ்வகையிலேனும் அடக்கினால் இணங்காமையும் தணிய வேண்டுமன்றோ? நம் பெரியவர் கேட்ட வினா இதுவே.

இதனை ஆராய அவர்களுக்கு ஒரு நல்ல கருவியும் கிடைத்திருந்தது. 1979-ஆம் ஆண்டில் டிஃப்ரோன்சோ, டோபின், ஆண்ட்ரஸ் ஆகிய மூவரும் செம்மையான ஓர் அளவை முறையை வெளியிட்டனர். ஒரு நரம்பின் வழியே இன்சுலினை ஒரே சீராகச் செலுத்துவர். மற்றொன்றின் வழியே, இரத்தச் சர்க்கரை ஏறாமலும் இறங்காமலும் நிற்குமாறு சர்க்கரை நீரைக் கூட்டியும் குறைத்தும் விடுவர். மிகுதியான சர்க்கரையை ஏற்கும் உடல் இணங்கும் உடல். சிறிதே ஏற்கும் உடல் இணங்கா உடல். முறை கடினமே, எனினும் கிடைக்கும் எண் நம்பத்தக்கது.

இம்முறையைக் கொண்டு 1982-ஆம் ஆண்டிலும் 1985-ஆம் ஆண்டிலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இரண்டாம் வகை நோயாளர்க்குச் சில வாரங்கள் கண்டிப்பான இன்சுலின் சிகிச்சை அளித்து, முன்னும் பின்னும் அளந்தனர். சர்க்கரை அடங்கியதும் உடலின் இணக்கம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஆயினும் நோயற்றோரின் நிலையை முற்றும் எட்டவில்லை. இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நலம் செய்தது சர்க்கரையின் தாழ்வா, அல்லது செலுத்திய இன்சுலினா? இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்தமையால் பிரித்தறிய இயலவில்லை.

அவ்வையத்தைத் தீர்த்தது ஆப்பிள் மரத்தின் பட்டை என்றால் நேயர்கள் வியப்படைவர். 1835-ஆம் ஆண்டில் வேதியியலார் அம்மரப் பட்டையிலிருந்து பிளோரிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர். அதனை உட்கொண்டால், சிறுநீரகம் சர்க்கரையைத் தடுத்து நிறுத்தாமல் வெளியே விட்டுவிடும். நாம் முன்னர்க் கூறிய வான் மேரிங் 1886-ஆம் ஆண்டில் நாய்களிடம் இதனைக் கண்டறிந்தார். இப்பொருள் இன்சுலினைக் கூட்டுவதன்று; மிகையான சர்க்கரைக்கு ஒரு மடை திறந்து விடுகின்றது, அவ்வளவே. 1987-ஆம் ஆண்டில் ரோசெட்டி, டிஃப்ரோன்சோ முதலியோர், கணையத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டு நீரிழிவுற்ற எலிகளுக்குப் பிளோரிசினைக் கொடுத்தனர். சர்க்கரை வடிந்தது, இணங்காமையும் முழுவதும் நீங்கிற்று. மருந்தை நிறுத்தினர், சர்க்கரை ஏறியது, இணங்காமையும் திரும்ப வந்தது. நோயற்ற எலிகளிடம் அம்மருந்து இணக்கத்தில் எம்மாறுதலையும் விளைக்கவில்லை.

இதனின்று தெளிந்த கருத்திற்குச் சர்க்கரை நஞ்சு என்று பெயரிட்டனர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் நம்மவர் பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றது. நெடுநாள் மிகுந்து நிற்கும் சர்க்கரை தசையின் செவியை மந்தமாக்குகின்றது. இன்சுலின் சுரக்கும் கணைய அணுக்களையும் களைப்படையச் செய்கின்றது. ஆகவே, சர்க்கரையை அடக்குவதால் இணங்காமை ஒரு பகுதி தணியும் என்று பெரியவர் நம்பியது பொய்யன்று, மெய்யே. ஆனால் மெய்யின் ஒரு பாதி மட்டுமே.

மற்றப் பாதி 1993-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் ஹென்றி என்பாரும் அவருடன் பணியாற்றியோரும், 14 நோயாளர்க்கு ஆறு மாதம் கடுமையான இன்சுலின் சிகிச்சை அளித்தனர். சர்க்கரை ஏறத்தாழ இயல்பு நிலைக்கு வந்தது. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 அலகு இன்சுலின் வேண்டியிருந்தது. உடல் எடை சராசரி 8 கிலோவுக்கு மேல் கூடிற்று. இரத்தத்தில் இன்சுலின் எந்நேரமும் மிகுந்தே நின்றது. எடை கூடுதல் இணங்காமையின் உற்ற தோழன் என்பது ஹிம்ஸ்வொர்த் காலத்திலிருந்தே தெரிந்ததாகும். ஒரு கையால் இணங்காமையைக் குறைத்து, மறு கையால் அதற்கு உணவூட்டியது போலாயிற்று இது. எண் ஒன்றேயாயினும், அதனை அடையும் வழியைப் பொறுத்து உடலுக்கு விளையும் பயன் வேறாகும் என்பது இதன் படிப்பினை.

வழிகளை ஒப்பிட்ட மிகப் பெரிய ஆராய்ச்சி இங்கிலாந்தில் நடந்தது. ஆக்ஸ்போர்டு நகரின் ராபர்ட் டர்னர் தலைமையில் 1977-ஆம் ஆண்டில் தொடங்கி, 23 மருத்துவ நிலையங்களில், புதிதாக நோய் கண்ட 5,102 பேரைச் சேர்த்து, இருபது ஆண்டுகள் அஃது இடையறாது நிகழ்ந்தது. 1998-ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. இரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி என்னும் அளவு, கண்டிப்பான சிகிச்சை பெற்றோரிடம் 7.0 ஆகவும், வழக்கமான சிகிச்சை பெற்றோரிடம் 7.9 ஆகவும் இருந்தது. இச்சிறு வேறுபாடே கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்க் கேடுகளை 100-க்கு 25 அளவு குறைத்தது. இஃது அரிய வெற்றி. ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்ல இரு சாராரின் சர்க்கரையும் மெல்ல ஏறியே வந்தது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி போயிருந்தது. எஞ்சியதும் தேய்ந்துகொண்டே வந்தது. கட்டுப்பாடு கேட்டைத் தள்ளிப் போட்டது, வேரைப் பிடுங்கவில்லை.

அதே ஆராய்ச்சியில் உடல் பருத்த 342 பேருக்கு மெட்பார்மின் முதல் மருந்தாக அளிக்கப்பட்டது. பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்பார் 1957-ஆம் ஆண்டில் நீரிழிவுக்குப் பயன்படுத்தி வெளியிட்ட மருந்து இது. இதன் மூலம் ஐரோப்பிய மூலிகை ஒன்றில் உள்ளது. இன்சுலினைக் கூட்டாமல், முதன்மையாகக் கல்லீரலை அடக்கி இது வேலை செய்கின்றது, எடையையும் ஏற்றுவதில்லை. இம்மருந்து பெற்றோரிடம் மாரடைப்பு 100-க்கு 39 அளவு குறைந்தது. மருந்தின் இயல்பு முக்கியம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இங்கிலாந்தின் வெற்றி அமெரிக்கரை மேலும் துணியச் செய்தது. 7 நன்று எனின் 6 அதனினும் நன்றன்றோ என்று எண்ணினர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரைக் கொண்டு, அக்கார்டு என்னும் ஆராய்ச்சி தொடங்கிற்று. அவர்கள் புதிய நோயாளர் அல்லர். சராசரி 62 வயதினர். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நோயுடன் வாழ்ந்தவர். இருதய நோய் உள்ளவர், அல்லது அதற்கு ஆளாகக் கூடியவர். ஒரு பாதியினர்க்கு ஏ1சி 6-க்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. 2008 பிப்ரவரியில் உலகம் திடுக்கிடும் அறிவிப்பு வந்தது. கடுமையான சிகிச்சை பெற்றோரில் 257 பேர் இறந்திருந்தனர். மற்றவரில் 203 பேர். அச்சிகிச்சை உரிய காலத்திற்கு முன்பே நிறுத்தப்பட்டது. சர்க்கரை அபாயமாகத் தாழ்தல் அவர்களிடம் மிகுதியாக நிகழ்ந்திருந்தது. 100-க்கு 28 பேர் 10 கிலோவுக்கு மேல் எடை கூடியிருந்தனர். சாவு மிகுந்ததன் காரணம் இதுவே என்று எதையும் தனியே சுட்ட இயலவில்லை.

அதே 2008-ஆம் ஆண்டில், டர்னரின் நோயாளரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் முடிவும் வெளியாயிற்று. ஆராய்ச்சி முடிந்த ஓராண்டிற்குள்ளாகவே இரு சாராருக்கும் இடையே சர்க்கரை வேறுபாடு மறைந்துவிட்டது. ஆயினும் தொடக்க காலத்தில் கண்டிப்பாக இருந்தோரின் நலம் பின்னரும் தொடர்ந்தது. மாரடைப்பும் சாவும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கு முரண்பாடு தோன்றாது. நோயின் தொடக்கத்தில் கண்டிப்பு நன்மை; முதுமையில், நோய் முற்றிய நிலையில், அதே கண்டிப்பைத் திடீரென்று திணித்தல் தீமையாகலாம். கண்டிப்பு வேறு, கடுமை வேறு என்று மொழிபெயர்ப்பாளராகிய நாம் சொல்லளவில் அறிந்திருந்ததை மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்து அறிந்தது.

தொடக்கத்தில் நலம் மிகுதி என்பதற்குச் சீன நாட்டிலிருந்தும் சான்று வந்தது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புதிதாக நோய் கண்ட 382 பேருக்கு, சர்க்கரை இயல்பு நிலையடைந்து இரண்டு வாரம் வரை தீவிர சிகிச்சை அளித்து, பின் எல்லா மருந்தையும் நிறுத்தினர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இன்சுலினைக் குழாய்க் கருவி மூலம் தொடர்ச்சியாகப் பெற்றோரில் 100-க்கு 51 பேரும், மாத்திரை பெற்றோரில் 100-க்கு 27 பேரும் மருந்தின்றியே நலமாயிருந்தனர். சர்க்கரை நஞ்சை விரைந்து நீக்கின், களைத்த கணையம் சற்றே இளைப்பாறி எழுகின்றது போலும்.

ஆப்பிள் பட்டையும் புதுப்பிறவி எடுத்தது. அதன் வழிவந்த டாபாகிளிப்ளோசின் என்னும் மருந்துக்கு ஐரோப்பாவில் 2012-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. எலியிடம் கண்டது மனிதரிடமும் மெய்யா என்பதை 2014-ஆம் ஆண்டில் டிஃப்ரோன்சோவின் குழுவினர் ஆராய்ந்து வெளியிட்டனர். இரண்டு வாரத்தில் தசையின் இணக்கம் உயர்ந்தது. ஆனால் கல்லீரல், போன சர்க்கரைக்கு ஈடு செய்வது போல், மேலும் சர்க்கரையை உண்டாக்கத் தொடங்கிற்று. தசையும் கல்லீரலும் ஒரே வீட்டில் வாழும் இரு சகோதரர் போன்றன. ஒருவர் மனம் மாறினால் மற்றவரும் மாறுவார் என்னும் உறுதி இல்லை.

இனிப் பாரிஸ் முற்றுகைக்குத் திரும்புவோம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ராய் டெய்லர் என்னும் பேராசிரியர், 2011-ஆம் ஆண்டில் ஒரு சிறு ஆராய்ச்சியை வெளியிட்டார். 11 நோயாளர், எட்டு வாரம், நாளொன்றுக்கு 600 கலோரி உணவு. ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலையடைந்தது. கல்லீரலில் படிந்திருந்த கொழுப்புக் கரைந்து, கல்லீரல் இன்சுலினுக்கு இணங்கலாயிற்று. எட்டு வாரத்தில் கணையமும் விழித்தது. பின்னர் அவரும் கிளாஸ்கோ நகரின் மைக்கேல் லீனும் 306 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியில், மருத்துவர் மேற்பார்வையில் எடை குறைத்த சாராரில் ஓராண்டு முடிவில் 100-க்கு 46 பேர் மருந்தின்றி நோய் தணிந்திருந்தனர்; வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 4 பேரே. இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பினால் நோயும் திரும்புகின்றது. பூஷார்தா கண்ட விந்தையின் உட்பொருள் இவ்வாறு விளங்கிற்று.

இவையெல்லாம் பிற நாட்டார் கதையன்றோ என்று எண்ணற்க. புனே நகரில் யாஜ்னிக் என்னும் மருத்துவர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, அங்குப் பிறக்கும் குழந்தையை ஆங்கிலக் குழந்தையுடன் ஒப்பிட்டது. நம் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தையின் எடை 3.5 கிலோ. எடையும் தசையும் குறைந்திருந்தும் நம் குழந்தையின் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்தினுள்ளும் இணங்காமை குடியிருக்கலாம் என்பது இதனாற் புலனாகின்றது.

தாயகம் விட்டுப் பெயர்ந்து வாழும் நமக்கு மிக நெருங்கிய செய்தியொன்றும் உண்டு. லக்னோ, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் தொழிற்சாலைகளில், கிராமத்திலிருந்து வந்து வேலை செய்வோரையும், கிராமத்திலேயே தங்கிவிட்ட அவர்தம் உடன்பிறந்தோரையும் ஒப்பிட்டு, 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கிராமத்து ஆடவரில் 100-க்கு 6 பேருக்கு நீரிழிவு. நகருக்குப் பெயர்ந்த ஆடவரில் 14 பேருக்கு. ஒரே வயிற்றிற் பிறந்தோரிடையே இத்துணை வேறுபாட்டை விளைத்தது குருதியன்று; நாற்காலியும் பேருந்தும் மாறிய உணவுமே. இதற்கு மாற்றையும் நம் தமிழகமே காட்டிற்று. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், மூன்றாண்டுகளில் நோயுற்றோர் 100-க்கு 55 பேர். நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டோரில் 39 பேர். நடக்கும் தசை இன்சுலினுக்குச் செவி சாய்க்கும் தசையாகும்.

நம் பெரியவரிடம் இவையனைத்தையும் பல காலைகளில் சிறுகச் சிறுகக் கூறினோம். சர்க்கரையை அடக்கினால் இணங்காமை ஓரளவு தணியும் என்று தாங்கள் நம்பியது மெய். ஆனால் எவ்வழியில், எவ்வயதில், எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தது அப்பயன். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாங்கள் காத்த ஒழுங்கு வீண் போகவில்லை, தங்கள் கண்ணொளியும் சிறுநீரகமும் இன்று நன்றாயிருப்பதில் அதற்கும் பங்குண்டு. மருத்துவர் இன்று எண்ணைத் தளர்த்தியது தங்கள் தோல்வியன்று, அறிவு வளர்ந்ததன் அடையாளம் என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், "அப்படியானால் என் மகனுக்கு இப்போதே எழுத வேண்டும். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. சென்ற மாதம்தான் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்ததாம். எனக்குத் தளர்த்தியதைப் பார்த்து அவனும் தளர்ந்துவிடப் போகிறான்" என்றார்.

நூறாண்டு ஆராய்ச்சியின் சாரத்தை நம்மினும் அவரே நன்கு உணர்ந்தார் என்று தோன்றுகின்றது. தந்தைக்கு உரிய எண் மகனுக்கு உரியதன்று. அண்டை வீட்டார்க்கு உரியது நமக்கு உரியதன்று. ஆதலின் நேயர்களே, பூங்காவில் ஒருவரையொருவர் எண் கேட்பதோடு நில்லாமல், தமக்கு உரிய எண் எதுவென்பதைத் தத்தம் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். தாமே மருந்தைக் கூட்டுதலும் குறைத்தலும் ஆகா. பெரியவர் இப்போதும் நோட்டுப் புத்தகம் எழுதுகின்றார். எண்ணுக்கு எதிரே, அன்று நடந்த தூரத்தையும் குறித்து வருகின்றார்.